கவுனுக்குப் பஞ்சு

முதலாளி: கழட்டுடா கோட்டை! கதாநாயகி வேஷம் கட்டுறவன் காய்ச்சல்ல படுத்துட்டான். நீதான் கவுன் போட்டுப் பாடப்போற.

பாடகன்: ஐயா... குழுவுல இத்தனை ஆம்பளைங்க இருக்கோம், நானா?

முதலாளி: மத்தவனெல்லாம் மீசைக்காரன். உனக்குத்தான் இன்னும் மொளைக்கவே இல்லையே! டெய்லர் மாஸ்டர், பஞ்சு நல்லா வைங்க. வச்சது தெரிஞ்சாத்தான் ஜனம் சிரிக்கும்.

மாஸ்டர்: நீங்க வெளிய நில்லுங்கய்யா. பக்கத்துல நின்னா எனக்கு ஊசி ஓடாது.

பாடகன்: மாஸ்டர்... எனக்கும் காய்ச்சல்னு சொல்லிடுங்க.

மாஸ்டர்: இப்பத்தானே தொண்டை கிழியப் பாடினீங்க?

பாடகன்: அப்ப சட்டைக்கு மேலயே போட்டுக்கறேன்.

மாஸ்டர்: கழுத்து இறக்கமான கவுன். சட்டை தெரியும்.

பாடகன்: ஐயோ... பின்வாசல் திறந்திருக்கா?

மாஸ்டர்: திறந்துதான் இருக்கு. போனா திரும்பி வர முடியாது.

பாடகன்: பாட்டை விட்டா எனக்கு வேற நாதியில்ல, மாஸ்டர்...

மாஸ்டர்: அப்ப நான் சுவரைப் பாத்து நிக்கறேன். நீங்களே மாட்டுங்க. நெஞ்சுல இறுக்கிச் சுத்தியிருக்கீங்களே, அந்தத் துணியை அவுக்காதீங்க. அதுமேலயே பஞ்சு.

பாடகன்: என்ன... எந்தத் துணி?

மாஸ்டர்: பேச நேரமில்ல. ஒரு பக்கம் மேல, ஒரு பக்கம் கீழ வைங்க.

பாடகன்: கண்றாவியா இருக்குமே!

மாஸ்டர்: இருக்கட்டும். அழகா இருந்தாத்தான் ஆபத்து.

முதலாளி: முடிஞ்சுதா? அட ராமா! ஒண்ணு கிழக்க பாக்குது, ஒண்ணு மேக்க பாக்குது! எங்க, நட பாப்போம்... நில்லு. நில்லுடா. நடை என்ன இவ்வளவு பாந்தமா வருது?

பாடகன்: அது... வந்து...

மாஸ்டர்: செருப்பு சின்னதுங்கய்யா. கடிக்குது, நெளியறான்.

முதலாளி: அதானே பாத்தேன்! அப்படியே நெளி. மணி அடிக்கச் சொல்றேன்.

பாடகி: போயிட்டாரா?

மாஸ்டர்: போயிட்டார். மூச்சு விடு.

பாடகி: எப்பத் தெரியும்?

மாஸ்டர்: முதல் கோட்டுக்கு அளவெடுத்த அன்னிக்கே.

பாடகி: என்கிட்டகூட ஏன் சொல்லல?

மாஸ்டர்: சொன்னா பயந்து ஓடியிருப்ப. நீ போயிட்டா எனக்கு இங்க என்ன இருக்கு?

பாடகி: ...அப்ப நானும் சொல்லிடறேன். பட்டன் பிஞ்சு போச்சுன்னு வாரா வாரம் வந்து நின்னேனே, ஒண்ணுகூடத் தானாப் பிய்யல. நானே பிச்சதுதான்.

மாஸ்டர்: தெரியாமலா? பிக்க உனக்குக் கை வலிக்கக் கூடாதுன்னுதான் ஒத்தை நூல்ல தைச்சேன்.