ஆணியில தொங்கின வில்லை

போறது இருக்கட்டும் சார், பாக்கெட்டுல இருக்கறதை முதல்ல வெளிய எடுங்க. எதையா? அந்த இடிஞ்ச சுரங்க ஆபீசுக்குள்ள நுழைஞ்சீங்களே, சுவத்துப் பலகையில ஒத்தையா ஒரு பித்தளை வில்லை தொங்கிச்சே, அதை. முழிக்காதீங்க. எனக்குக் கண்ணு நல்லாவே தெரியும்.

சும்மா கெடந்துச்சா? கெடக்கல சார், மாட்டியிருந்துச்சு.

கடலைப் பாத்துக்கிட்டே நடக்க வந்தீங்க, நடங்க. அந்தப் புகைபோக்கிக்குக் கீழ பல்லைக் காட்டிக்கிட்டு படம் எடுங்க, யாரு வேணாங்கறா? பாதையே உங்களுக்காகப் போட்டதுதானே. கைப்பிடி என்ன, பெஞ்சு என்ன! நாங்க இருந்தப்ப இதுல கரி வண்டிதான் ஓடிச்சு. அப்ப ஒருத்தரும் இங்க காத்து வாங்க வரல.

தள்ளி நிக்க முடியாது. இந்தப் பக்கம் பாறை, அந்தப் பக்கம் கடல். நான் வழி விட்டாத்தான் நீங்க பஸ்ஸைப் பிடிக்கலாம்.

ஞாபகத்துக்கா? என்னன்னே தெரியாம எடுத்துட்டு ஞாபகமாம்! கேட்டுக்கங்க. சுரங்கத்துல எறங்கறவன் தன் வில்லையைப் பலகையில மாட்டிட்டுத்தான் எறங்கணும். மேல வந்ததும் எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போகணும். வில்லை தொங்கினா ஆளு உள்ள இருக்கான்னு அர்த்தம். அடுத்தவன் வில்லையைத் தொடவே கூடாது, கூடப் பொறந்தவனா இருந்தாலும்.

ஒருத்தன் தொட்டான். உள்ள தீப்பிடிச்ச அன்னிக்கு. புகையில எல்லாரும் விழுந்தடிச்சு மேல ஓடி வந்தாங்க. தன் அண்ணன் முன்னாலயே வெளிய போயிட்டான், பதட்டத்துல வில்லையை மறந்துட்டான்னு நெனச்சு, இவன் ரெண்டையும் எடுத்துக்கிட்டு வீட்டைப் பாக்க ஓடினான். மேஸ்திரி வந்து பலகையைப் பாத்தாரு. காலி. எல்லாரும் வந்தாச்சு, காத்து போனா தீ பெருசாகும்னு சுரங்க வாயை மண்ணு கொட்டி மூடிட்டாங்க. அப்புறம் திறக்கவே இல்ல. நீங்க ஒரு மேட்டு மேல உக்காந்து பிஸ்கட் தின்னீங்களே, அதுதான்.

இப்ப எதுக்கு மூஞ்சி சுருங்குது? தின்னது தின்னாச்சு.

உங்க மேல மட்டும் கோவம்னு நெனைக்காதீங்க. அந்த ஆணிப் பக்கம் யாரு கையை நீட்டினாலும் எனக்கு வயிறு எரியும். மண்ணு கொட்டினதுக்கு அப்புறம் அதைத் திரும்ப மாட்டினது நான்தான். ஆளு உள்ள இருந்தா வில்லை தொங்கணுமில்ல?

ம், அதுதான். ஐயோ, என்கிட்ட நீட்டாதீங்க! எடுத்த கையாலயே போய் மாட்டுங்க. என் கையில ஒரு தடவ வாங்கினது போதும். அன்னிக்கு மூஞ்சியெல்லாம் கரியோட வாசல்ல வந்து நின்னான். இந்தாங்க அண்ணி, அண்ணன் மறந்துட்டு வந்துட்டாருன்னு இதை நீட்டினான். நானும் வாங்கி அடுப்புப் பக்கத்துல வெச்சுட்டு, ரெண்டு பேருக்கும் தட்டு எடுத்துப் போட்டேன். அண்ணன் எங்கப்பா, பின்னாடி வர்றாரான்னு கேட்டேன்.

இன்னும் வீட்டுக்கு வரலயா அண்ணின்னு கேட்டான்.