மாதிரி ஊழியர்

எனக்கு உட்கார்ந்து பேச வராது, இன்ஸ்பெக்டர் சார். நடந்துகொண்டே சொல்கிறேன். உங்கள் ஃபேன் வேறு கடகடவென்று அடித்துக்கொள்கிறது.

தில்லைநகரில் ஒரு மெடிக்கல் பில்லிங் கம்பெனியில் நான் ஊழியர் நல மேலாளர். இருநூறு பேருடைய மகிழ்ச்சி என் பொறுப்பு. வாராவாரம் மகிழ்ச்சிப் படிவம் கொடுப்பேன். அதில் இரண்டே கட்டங்கள்: 'நன்று', 'மிக நன்று'. மூன்றாவதாக ஒன்று வைத்தால் எல்லாரும் அதில்தான் டிக் போடுவார்கள்.

டோமினிக் அந்த இருநூறு பேரில் ஒருவர்; பொன்மலைக்காரர், நாற்பத்தாறு வயது. அந்த வியாழக்கிழமை மத்தியானம் என் மேஜைக்கு வந்தார்.

"சார், நெஞ்சு ஒரு மாதிரியா இருக்குங்க. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துடறேன்."

"ஒரு மாதிரின்னா எந்த மாதிரிங்க?"

"சொல்லத் தெரியல சார். ஒரு மாதிரி."

பக்கத்து சீட் பெலிண்டா குறுக்கே வந்தார். "இந்த ஏசியில வேர்த்துக் கொட்டுது பாருங்க. அனுப்பி விடுங்க சார். உங்க படிவத்துல நெஞ்சுவலிக்குக் கட்டம் இல்லைன்னா நானே ஸ்கேல் வச்சுக் கோடு போட்டுத் தரேன்."

சிலருக்கு எதையும் நல்லவிதமாகப் பார்க்க வராது. மூன்று மணிக்கு 'மகிழ்ச்சியான பணியிடம்' விருதுக் குழு வருவதாக இருந்தது. காலி நாற்காலி பார்ப்பதற்குச் சோகமாக இருக்கும். "சிரிப்புப் பயிற்சி முடியட்டும், நானே கார்ல கூட்டிட்டுப் போறேங்க" என்றேன். அவரை 'மாதிரி ஊழியர்' என்று குழுவுக்கு அறிமுகப்படுத்தி முன்வரிசையில் நிறுத்தினேன். அந்தச் சொல் அவரே கொடுத்ததுதான்.

எல்லாரும் கைகளைத் தூக்கிச் சிரித்தார்கள். டோமினிக்கும் சிரித்தார். பிறகு முட்டி மடங்கிச் சரிந்தார். அதுவும் பயிற்சி என்று நினைத்துக் குழுவினர் கைதட்டினார்கள். பெலிண்டா ஓடிவந்தார். பெலிண்டாவின் கையைப் பிடித்து வரிசைக்குத் திருப்பிவிட்டு மைக்கில் சொன்னேன்: "யாரும் நிறுத்தாதீங்க. டோமினிக் சார் ரிலாக்ஸ் பண்றார்."

ஜன்னலைக் கொஞ்சம் திறக்கட்டுமா?

எனக்குத் தெரியாமல் நடந்தது என்று எழுதிவிடாதீர்கள். என் அப்பா போனதும் இப்படித்தான். உதட்டின் அந்த நீலம் எனக்குப் பழக்கம். ஐந்து நிமிடத்தில் புத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம். விருதுக்காக எடுத்த வீடியோவுக்கு இன்னும் ஆறு நிமிடம் வேண்டியிருந்தது. ஆறு நிமிடமும் எல்லாரையும் அவரைச் சுற்றி நின்று சிரிக்க வைத்தேன்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள் சார்: எங்கள் கம்பெனியை விட்டு இதுவரை யாரும் மனக்குறையோடு போனதில்லை.