இஸ்திரிப் பெட்டியும் நிக்கோட்டின் ஒட்டும்

அவைக்கு அழகு சேர்க்கும் தலைவர் அவர்களே! நரம்பு நோயோடு நாள்தோறும் மல்லுக்கட்டும் மருத்துவர் அம்மா அவர்களே! ஊசி குத்தும்போதும் உள்ளத்தில் ஈரம் வைத்திருக்கும் செவிலியர்களே! பெற்ற பிள்ளையைக் குளிப்பாட்டிய கையால் கட்டிய கணவனையும் குளிப்பாட்டுகிற தாய்மார்களே! தூக்கம் தொலைத்த அண்ணன்மார்களே, தம்பிமார்களே! நம்பி நம்பி நைந்துபோன நல்ல நெஞ்சங்களே! உங்கள் எல்லோருக்கும் இந்தச் சலவைக் கடைக்காரியின் வணக்கம்.

கை தட்டாதீர்கள். தட்டத் தொடங்கினால் நிறுத்த முடியாத கைகள் இங்கே நிறைய இருக்கின்றன. அதில் ஒரு கை என் வீட்டுக்காரருடையது. முன்வரிசை, நீலச் சட்டை. ஆமாம், அவரேதான். ஏங்க, அதுக்குள்ள ஏன் தலையைக் குனியிறீங்க? நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை!

நிக்கோட்டின் நோயாளிக்கு நல்லதா என்று பேசச் சொன்னார்கள். உண்மையைச் சொல்லவா? எனக்கு அலுத்துவிட்டது. நோய் அலுக்கவில்லை; நோயாளியும் அலுக்கவில்லை; நம்பிக்கைதான் அலுத்துவிட்டது. ஒவ்வொரு மருந்து வரும்போதும் எழுந்து நின்று, அது போகும்போது உட்கார்ந்து, என் முட்டி தேய்ந்ததுதான் மிச்சம்.

இவர் இஸ்திரி போட்டால் மடிப்பில் விரல் அறுபடும், அப்படிப்பட்ட கை. அந்தக் கைக்கா வர வேண்டும் நடுக்கவாதம்? காலருக்குப் போன பெட்டி பொத்தானில் ஏறியது. வாடிக்கையாளர்கள் ஒன்றும் சொல்லவில்லை. வேறு கடைக்குப் போனார்கள், அவ்வளவுதான்.

அப்போதுதான் மருத்துவர் அம்மா சொன்னார்: "புகை பிடிக்கிறவங்களுக்கு இந்த நோய் கொஞ்சம் குறைவா வருதுன்னு கணக்கு இருக்கு. அது நிக்கோட்டினாலயா, வேற எதனாலயான்னு தெரியாது. அதான் தோல்ல ஒட்டுற ஒட்டா கொடுத்து சோதிச்சுப் பார்க்கிறோம். சேர்றீங்களா?" சிலருக்கு மருந்து ஒட்டு, சிலருக்கு வெறும் ஒட்டு, யாருக்கு எது என்று ஒட்டியவருக்கும் தெரியாது, ஒட்டிவிட்டவருக்கும் தெரியாது. பக்கத்து அறையில் மறதி தொடங்கியவர்களுக்கும் இதே சோதனை. பெருங்குடல் புண்ணுக்கும் எங்கோ கொடுத்துப் பார்த்தார்களாம். "எதுக்கும் இன்னும் முடிவு வரலை" என்றார்.

சேர்ந்தோம். புஜத்தில் ஒட்டு ஏறியது. நடுக்கம் கொஞ்சம் அடங்கியது போலத் தெரிந்தது. மருந்தா, மனசா, யார் கண்டது? மனிதர் காலரை நீவி நீவிப் பார்த்துச் சிரித்தார். நானும் மறுபடி எழுந்து நின்றேன்.

ஆனால் இஸ்திரி மேஜையில் வியர்வை ஆறாய் ஓடுமே! ஒட்டின் ஓரம் கிளம்பிவிட்டது. நீங்கள் என்ன செய்வீர்கள்? செவிலியரைக் கூப்பிடுவீர்கள். இவர் என்ன செய்தார்? கிழிந்த சட்டைக்கு ஒட்டுத்துணி வைத்தால் சூடு காட்டித்தானே ஒட்டவைப்போம்? அதே யோசனை! ஒட்டின் மேலே ஈரத்துணியைப் போட்டார். சூட்டைக் குறைத்தார். தன் புஜத்துக்குத் தானே இஸ்திரி போட்டுக்கொண்டார்!

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அன்றைக்கு நான் சிரிக்கவில்லை. சூட்டில் மருந்து மொத்தமாக உள்ளே இறங்கிவிட்டது. வாந்தி, வியர்வை, நெஞ்சு தறியாய் அடித்தது. தூக்கிக்கொண்டு ஓடினோம்.

"சூடு படக் கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே அண்ணா!" என்றார் செவிலியர்.

மூச்சு வாங்கிக்கொண்டே இவர் சொல்கிறார்: "ஒத்தடம் கூடாதுன்னுதானேம்மா சொன்னீங்க. இஸ்திரிப் பெட்டி கூடாதுன்னு சொல்லலையே!"

நெஞ்சு துடிப்பு சரியாக நாளானது. சோதனையிலிருந்து எடுத்துவிட்டார்கள். நடுக்கம் பழையபடி.

பக்கத்துக் கடையில் சாவி செய்கிறவர் ஒருவர். நாங்கள் வைத்த பெயர் புகைவண்டி. வந்தார், சிகரெட் பாக்கெட்டை நீட்டினார். "ஒட்டுல இருக்கிறதுதானே மச்சான் இதுலயும் இருக்கு? இதுக்குச் சீட்டும் வேண்டாம், செவிலியரும் வேண்டாம்."

சாம்பல் விழுந்து ஒரு வெள்ளைச் சட்டை பொத்தலானதிலிருந்து சிகரெட்டைத் தொடாத மனிதர், கடைக்குப் பின்னால் வாயில் வைத்துவிட்டார். தீக்குச்சியை உரசுகிறார், பெட்டியில் படவே மாட்டேன் என்கிறது. என்னைப் பார்த்தார்.

"நீயே பத்த வையேன்."

உரசிவிட்டேன் தாய்மார்களே! சண்டை போடத் தெம்பில்லை. குச்சி எரிகிறது. கேட்டேன்: "உங்களுக்குப் புகை வேணுமா, கை வேணுமா?"

"கைதான் வேணும்."

"அது இதுக்குள்ள இருக்குன்னு மருத்துவரம்மா சொன்னாங்களா?"

குச்சி என் விரலைச் சுட்டது. நான் ஊதவில்லை, அவர்தான் ஊதினார். சிகரெட்டை என் கையில் வைத்துவிட்டு, "வா, மேஜையில ஒரு வெள்ளைச் சட்டை காத்துக்கிட்டு இருக்கு" என்றார்.

நிக்கோட்டினில் மருந்து இருக்கிறதா? தெரியாது. தேட வேண்டாமா? தேட வேண்டும்! களைத்துப்போனாலும் தேட வேண்டும், கண் கலங்கினாலும் தேட வேண்டும்! ஆனால் தேடுவது மருத்துவமனையில், தெருமுனைப் பெட்டிக்கடையில் அல்ல! சோதனையில் சேர்ந்தவர்களே, சிரிப்பார்கள் என்று எதையும் மறைக்காதீர்கள். இவர் வாந்தி எடுத்த பிறகு, புதிதாகச் சேருகிற ஒவ்வொருவரிடமும் செவிலியர் முதலில் கேட்கிற கேள்வி, "நீங்க என்ன வேலை பார்க்கிறீங்க?"

இப்போது பெட்டியை நான் பிடிக்கிறேன், என் கையை அவர் பிடிக்கிறார். மெதுவாகத்தான் போகிறது. அந்த நீலச் சட்டை அப்படித் தேய்த்ததுதான். போகும்போது பாருங்கள், இடது கையில் இரண்டு மடிப்பு இருக்கும். ஒன்று அவருடையது, ஒன்று என்னுடையது. எது யாருடையது என்று கேட்காதீர்கள், வீட்டில் சண்டை வரும்.

பொறுத்துக் கேட்ட உங்களுக்கு நன்றி. நடுங்குகிற கைகளுக்கும், அவற்றைப் பிடித்திருக்கிற கைகளுக்கும் என் வணக்கம்.