உறையக்கூடாத மருந்து

பிரிட்ஜ் எவ்வளவுக்கு எவ்வளவு குளிர்கிறதோ அவ்வளவுக்கு அவ்வளவு நல்லது என்றுதான் நிறையப் பேர் நினைக்கிறார்கள், சார். குமிழைக் கடைசிவரைக்கும் திருகி வைத்துவிட்டு, கீரையெல்லாம் கருகிப்போச்சு, வந்து பாருங்க என்று எனக்குப் போன் போடுவார்கள். குளிர்விப்பது பெரிய காரியமில்லை. வேண்டிய இடத்தில் குளிரை நிறுத்தத் தெரிய வேண்டும். என்னைப் போன்ற மெக்கானிக்குக்குக் கூலியே அதற்குத்தான்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஸ்டேஷன் வாசல் பெஞ்சில் மருந்துக் கடைக்காரரை உட்கார வைத்திருக்கிறீர்கள். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத மனுஷன். என் மனைவி வயிற்றில் பிள்ளையோடு இருந்தபோது அவரிடம்தான் இன்சுலின் வாங்கினோம். மிச்சமிருந்த பாட்டிலை அவளுடைய அக்கா எடுத்துப்போய்ச் சோதிக்கக் கொடுத்து, அது செத்த மருந்து என்று வந்துவிட்டதாம். கடை பிரிட்ஜ் கெட்டு மருந்து உறைந்திருக்கும் என்று உங்கள் ஆள் ஒருவர் சொன்னாராம். அந்தப் பிரிட்ஜைப் பழுது பார்த்துக் கொடுத்தது நான். அதில் ஒரு கோளாறும் இல்லை. என் வேலையைக் குறை சொன்னால் எனக்குத் தாங்காது. அதனால்தான் யாரும் கூப்பிடாமல் நானே வந்தேன். முதலிலிருந்து சொன்னால் உங்களுக்கும் புரியும்.

எனக்கும் என் மனைவிக்கும் சண்டை சச்சரவு எதுவும் கிடையாது. பேச்சே இல்லாத வீட்டில் சண்டை எங்கிருந்து வரும்? அவள் தையல் கூடத்துக்குப் போவாள், நான் பட்டறைக்குப் போவேன். நான் திரும்பி வரும்போது சாப்பாடு மூடி வைத்திருக்கும். இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அவள் முழுகாமல் இருப்பது தெரிந்தது. தெரிந்த கையோடு, பிரசவத்துக்கு அக்கா வீட்டுக்குப் போகிறேன் என்றாள்.

“போயிட்டு எப்ப வருவே?” என்று கேட்டேன்.

“அங்கயே ஒரு தையல் வேலை இருக்காம். அக்கா பேசி வச்சிருக்கா.”

நான் கேட்டதற்கு அதுதான் பதில் என்று எனக்கு விளங்கிவிட்டது.

ஆறாம் மாதம் சோதித்துப் பார்த்துவிட்டுச் சர்க்கரை என்றார்கள். பிள்ளைத்தாய்ச்சிகள் சிலருக்கு அப்படி வருமாம், பிரசவம் ஆனதும் பெரும்பாலும் போய்விடுமாம். சாப்பாட்டைக் குறைத்தும் அடங்கவில்லை. டாக்டரம்மா இன்சுலின் எழுதிக் கொடுத்தார். “இது அடங்குற வரைக்கும் வெளியூர் போறதெல்லாம் கூடாது. என் கண் பார்வையிலயே இருக்கணும்” என்றார்.

ஊசி என்றால் அவளுக்குக் கை நடுங்கும். அதனால் நான் போட்டேன். சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, வயிற்றின் ஓரத்தைக் காட்டுவாள். தோலைக் கிள்ளிப் பிடித்துக் குத்துவேன்.

“வலிச்சுதா?”

“இல்லங்க. உங்க கை பதமாத்தான் இருக்கு.”

கல்யாணம் ஆனதிலிருந்து என்னைப் பற்றி அவள் சொன்ன நல்ல வார்த்தை அது ஒன்றுதான். எனக்கு அது பிடித்திருந்தது, சார். அதையே நினைத்துக்கொண்டு நாள் முழுக்க வேலை பார்ப்பேன். ஊசி நேரம் நெருங்கினால் அவளே போன் செய்து, எப்ப வர்றீங்க என்று கேட்பாள். வீட்டுக்கு எப்போது வருவேன் என்று அதற்கு முன்னால் என்னை யாரும் கேட்டதில்லை.

மருந்து நன்றாக வேலை செய்தது. சர்க்கரை இறங்கிவிட்டது. “இப்படியே இருந்தா அடுத்த தடவை பார்த்துட்டு அக்கா வீட்டுக்கு அனுப்பிடலாம். அங்க எனக்குத் தெரிஞ்ச டாக்டர் இருக்காங்க” என்றார் டாக்டரம்மா. என் மனைவி நடைவழியில் நின்றபடியே அக்காவுக்குப் போன் போட்டு, அந்த ரூமை ஒழிச்சு வை என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அவள் சிரித்து நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

மருந்துக் கடை பிரிட்ஜைப் பழுது பார்க்கப் போன அன்று, கடைக்காரர் ஒரு தட்டு இன்சுலினை அப்படியே குப்பையில் கொட்டினார். பார்த்தால் நல்லாத்தானே இருக்கு என்றேன். “பார்க்க நல்லாத்தான் இருக்கும், ஐஸ்காரரே” என்றார். என்னை அவர் அப்படித்தான் கேலி செய்வார். “ஒரு தடவை உறைஞ்சு இளகிட்டா அது மருந்தில்ல, வெறும் தண்ணி. தெரியாம யாருக்காவது குடுத்துட்டா பாவம் இல்லையா?” நல்ல மனுஷன் என்று அப்போதே நினைத்துக்கொண்டேன்.

ஆகவே அடுத்த பாட்டிலை வாங்கிக்கொண்டு நேரே வீட்டுக்குப் போகாமல் பட்டறைக்குப் போனேன். பழுதுக்கு வந்திருந்த ஐஸ்கிரீம் பெட்டி ஒன்று காலியாக ஓடிக்கொண்டிருந்தது. சடாரென்று குளிரவிட்டால் கண்ணாடி விரிசல் விடும். மெதுவாக உறையவிட்டு, மெதுவாக இளக வைத்து, துடைத்து, வீட்டு பிரிட்ஜில் கதவுத் தட்டில் வைத்தேன். பாட்டிலைத் தூக்கிப் பார்த்தால் எனக்கே வித்தியாசம் தெரியவில்லை. அதன் பிறகு வாங்கிய ஒவ்வொன்றுக்கும் அப்படித்தான் செய்தேன். ஊசியை மட்டும் நேரம் தவறாமல் போட்டேன். அதில் ஒரு குறையும் வைக்கவில்லை.

சர்க்கரை ஏறியது. டாக்டரம்மா மருந்தைக் கூட்டினார். அப்புறமும் ஏறியது. “ஒளிச்சு வச்சு எதைத் தின்னுற நீ?” என்று அவளைத் திட்டினார். சத்தியமாக ஒன்றும் இல்லை என்று இவள் அழுதாள். நான் சிரித்துக்கொண்டே, “புள்ளத்தாச்சி, வாய் சும்மா இருக்குமா டாக்டர்? இனிமே நான் பார்த்துக்குறேன்” என்றேன். அன்றிலிருந்து அவள் பாதிச் சாப்பாட்டிலேயே எழுந்துவிடுவாள். இன்னும் ரெண்டு வாய் சாப்பிடு என்று நான் சொல்லத்தான் செய்தேன்.

டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டும் சொன்னார். தாய் ரத்தத்தில் சர்க்கரை இப்படி ஏறினால் பிள்ளை உடம்பு பெருத்துப் போகுமாம், நுரையீரல் மட்டும் பக்குவப்படாமல் பின்தங்கிவிடுமாம். பிறந்ததும் மூச்சுக்குத் திணறும், உயிருக்கே ஆபத்து என்றார். பெரிய பெட்டியில் சின்ன கம்ப்ரஸரை மாட்டின மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன். புரியவில்லை என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் டாக்டர்கள் பயமுறுத்துவது வழக்கம்தானே. அவள் போய்விடுவாளோ என்கிற பயம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது. இன்னும் கொஞ்ச நாள் அந்த நாற்காலியில் அவள் உட்கார வேண்டும், அவ்வளவுதான் எனக்கு.

பிள்ளை பெருத்துக்கொண்டே போனதால் நாளுக்கு முன்பே ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பெண் குழந்தை. கொழுகொழுவென்று இருந்தாள். “எம்மா, இவ நடந்தே வீட்டுக்குப் போயிடுவா போல” என்று ஆயாம்மா சிரித்தார். அவர் சிரித்து முடிப்பதற்குள் குழந்தையின் உதடு நீலம் பாரித்துவிட்டது.

கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். மூக்கில் குழாய். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புக்கு நடுவில் தோல் குழிந்து எழுந்தது. மூச்சை விடும்போது முனகல் போல ஒரு சத்தம் வந்தது. நான் பழக்கதோஷத்தில் பெட்டியின் சூட்டு அளவைப் பார்த்தேன். சரியாகத்தான் வைத்திருந்தார்கள். “உள்ள கைய விட்டுத் தொடுங்க, அப்பா கைன்னு அவளுக்குத் தெரியும்” என்றாள் நர்ஸ். தொட்டேன். என் விரலைப் பிடித்துக்கொண்டாள். பிடி நல்ல பிடி. மூச்சுதான் போதவில்லை. மெஷினை மாற்றிப் பார்த்தார்கள். மறுநாள் மத்தியானம் மூச்சு நின்றுபோனது.

எனக்கு அழுகை வரவில்லை. இப்போதும் வரவில்லை. உள்ளே எல்லாம் மரத்துக் கிடக்கிறது, சார். அதற்காக எனக்கு வருத்தம் இல்லை என்று எழுதிவிடாதீர்கள்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அக்காக்காரி புகார் கொடுத்திருப்பது என் மனைவிக்குத் தெரியாது. மருந்து செத்தது என்பதும் தெரியாது. தையல் கூடத்தில் யாரோ பிறந்தநாளுக்குக் கொடுத்த கேக்கை ஒரு துண்டு தின்றாளாம். குழந்தை போனது அதனால்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். நேற்று என் கையைப் பிடித்துக்கொண்டு, “நான்தாங்க கொன்னுட்டேன். நீங்க வேளை தவறாம ஊசி போட்டீங்க, நான்தான் நாக்கை அடக்காம கொன்னுட்டேன். இனிமே எங்கயும் போகல, உங்களோடயே இருந்துடுறேன்” என்றாள்.

“விடு. நான் உன்னை ஒரு வார்த்தை சொன்னேனா?” என்று தலையைத் தடவிக் கொடுத்தேன். மன்னித்துவிட்டேன் என்றும் சொன்னேன். அப்படியே என் மடியில் தூங்கிப்போனாள்.

கடைக்காரரை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. என்னை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள். அவளிடம் மட்டும் இதைச் சொல்ல வேண்டாம், சார். பிள்ளையைப் பறிகொடுத்தவள் இப்போதுதான் கொஞ்சம் நிம்மதியாகக் கண்ணை மூடுகிறாள். இதையும் சொல்லி அவள் மனசை ஏன் நோகடிக்க வேண்டும்?