அப்பாவின் குரல் இருந்த கார்டு

மெமரி கார்டு வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் எத்தனை ஜிபி என்றுதான் கேட்பார்கள், அக்கா. வேகம் என்ன என்று யாரும் கேட்பதில்லை. கார்டின் மேல் பொடி எழுத்தில் ஒரு எண் இருக்கும், அதுதான் வேகம். படம், பாட்டு வைக்க எந்தக் கார்டும் போதும். ஒரு ஆப்பையே அதிலிருந்து ஓட்டப் போகிறோம் என்றால் அந்த எண்ணைப் பார்க்க வேண்டும். நான் பார்க்கவில்லை. தப்பு அங்கேதான் ஆரம்பித்தது என்று நினைக்கிறேன்.

நீ இப்போது பஸ்ஸில் இருப்பாய். மாமா பக்கத்து சீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார். இந்த மெசேஜை அவருக்குக் காட்டாதே. விடிந்தால் வந்துவிடுவீர்கள், மாமா லேப்டாப்பைத் திறந்து அப்பாவின் போனை அதில் மாட்டுவார். அதற்கு முன்னால் உனக்கு மட்டும் சொல்லிவிட வேண்டும். அம்மா அடுத்த அறையில் படுத்திருக்கிறாள். அவள் புரண்டால் கட்டில் முனகுகிறது. அப்போதெல்லாம் நான் என் போனைப் போர்வைக்குள் இழுத்துக்கொள்கிறேன்.

உனக்குக் கல்யாணமாகிப் போன பிறகு இங்கே நடந்ததெல்லாம் நீ போனில் கேட்டதுதான். பக்கத்தில் இருந்து பார்ப்பது வேறு.

அப்பாவுக்கு முதலில் கால் போகும், பிறகு கை, பிறகு பேச்சு என்று டாக்டர் ஏதோ பஸ் ரூட் சொல்வது போலச் சொன்னார். பேச்சு போவதற்குள் குரலைப் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தருகிற பெண்மணி ஒரு ஆப்பைக் காட்டினார். திரையில் பெரிய பெரிய கட்டங்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு வார்த்தை அல்லது வாக்கியம். தொட்டால் அவரவர் சொந்தக் குரலிலேயே பேசும்.

பஸ் நிலையத்தில் அத்தனை வருஷம் மைக்கில் அறிவிப்புச் செய்தவருக்கு அது பிடித்துப்போனது. என் அறை ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு நான்தான் பதிவு செய்தேன். "தெளிவா எடுடா. பிளாட்பாரத்துல கடைசியா நிக்கிறவனுக்கும் கேக்கணும்" என்றார். அதனால் எல்லாவற்றையும் உச்சத் தரத்தில் எடுத்தேன். தண்ணி. தலையணை. லைட்டை அணை. சாப்பிட்டியா. பையன். ராத்திரி. போன். எடு. நடுவில் அவருக்கே சிரிப்பு வந்து, "பயணிகளின் கனிவான கவனத்திற்கு, வலது கால் அரிக்கிறது" என்று ஒன்று. அந்த மைக் குரலிலேயே. அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு சமையலறைக்குப் போய் வெகுநேரம் வெளியே வரவில்லை.

கடைசியாகச் சிவப்புக் கட்டம். "மூச்சு முட்டுது, எந்திரிங்க." சளி அடைத்தால் அமுக்க வேண்டியது. அமுக்கினால் போன் முழு சத்தத்தில் கத்தும். உடனே அப்பாவை ஒருக்களித்துப் படுக்க வைத்து, சளி உறிஞ்சுகிற மிஷினை வாயில் வைக்க வேண்டும். அதை எனக்கும் அம்மாவுக்கும் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். எனக்கு அம்மாவைவிட நன்றாக வரும்.

அப்பாவுடையது பழைய போன். உச்சத் தரத்தில் எடுத்ததில் அதன் வயிறு நிரம்பிவிட்டது. ஆப் பாதியில் நின்று நின்று போனது. அதனால்தான் கார்டு. புதுக் கார்டைப் போட்டதும் போன் ஒன்று கேட்கும். இதைத் தனிப் பெட்டியாக வைத்துக்கொள்ளவா, என் சொந்த மெமரியாகவே சேர்த்துக்கொள்ளவா என்று. சேர்த்தால் இடம் பெருகும். ஆனால் அதற்குப் பிறகு அந்தக் கார்டை வேறு எந்தப் போனிலும், எந்தக் கம்ப்யூட்டரிலும் படிக்க முடியாது. பூட்டு கார்டில், சாவி போனுக்குள். நான் சேர்த்தேன். ஆப்பையும் குரல்களையும் கார்டுக்கு மாற்றினேன். கார்டு மெதுவாக இருக்கிறது என்று போன் எச்சரித்தது. பரவாயில்லை, தொடர் என்று அமுக்கினேன்.

"நீ இல்லைன்னா உங்கப்பாவுக்கு வாயே இல்லடா" என்றாள் அம்மா. பக்கத்து வீடுகளிலும் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

கார்டு மெதுவானால் என்ன ஆகும் தெரியுமா? அப்பா கட்டத்தைத் தொடுவார். குரல் உடனே வராது. தொட்டது படவில்லையோ என்று மறுபடி தொடுவார், மறுபடியும். பிறகு எல்லாம் சேர்ந்து வரும். தண்ணி. தண்ணி. தண்ணி. நாம் டம்ளரை வாயில் வைத்த பிறகும் போன் தண்ணி கேட்டுக்கொண்டிருக்கும். பகலில் சிரிப்பாக இருக்கும். "வேலைக்காரங்களை மிரட்டுற மொதலாளி மாதிரி ஆயிட்டாரு" என்று அம்மா கிண்டல் செய்வாள். அப்பா கண்ணால் சிரிப்பார்.

இரவில் அம்மா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. இரவில் நான் மட்டும்தான்.

அப்பாவைக் குறை சொல்லவில்லை. அவருக்கு வலது கையில் கட்டை விரலும் அடுத்த இரண்டு விரல்களும்தான் அசைந்தன. எழுத்து எழுத்தாகத் தட்ட முடியாது. கட்டம் பெரிதாக இருந்ததால் தொட முடிந்தது. விரல் நழுவி சிவப்பில் பட்டுவிடும். வீடே அலறும். ஓடுவேன். அவருக்கு ஒன்றும் இருக்காது. கண்ணை இறுக்கி மூடித் திறப்பார். ஒரு தடவை மூடினால் சரி. இரண்டு தடவை மூடினால் இல்லை, வேண்டாம். தெரியாமல் பட்டதாப்பா என்று கேட்பேன். ஒரு தடவை மூடுவார். திரும்பி வந்து படுப்பேன். தூக்கம் வரும் நேரத்தில் தலையணை, தலையணை, தலையணை.

பள்ளிக்கூடத்தில் பெஞ்சிலேயே தூங்கினேன். வாத்தியார் என்னை எழுப்பி நிற்க வைத்தால் நின்றுகொண்டே தூங்கினேன். யாரிடம் சொல்வது? அம்மாவிடம் சொன்னால் அவள் வேலையை விட வேண்டும். உன்னிடம் சொன்னால் நீ அழுவாய். எல்லோருக்கும் ஒரு நியாயம் இருந்தது. எனக்கும் ஒன்று வேண்டியிருந்தது.

ஒரு நாள் அம்மா கிளம்பிப் போனதும் அவளுடைய ஊக்கை எடுத்துக்கொண்டு அப்பாவிடம் போனேன். போன் கட்டிலில் ஸ்டாண்டில் மாட்டியிருந்தது. ஊக்கின் முனையைப் போனின் ஓரத்தில் இருக்கிற துளையில் குத்தினால் கார்டு இருக்கிற தட்டு வெளியே வரும். கார்டை எடுத்துக்கொண்டு தட்டை உள்ளே தள்ளினேன். ஆப் இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு நிழல் மட்டும் இருந்தது. அப்பா பார்த்துக்கொண்டுதான் இருந்தார். மரியாதையாகத்தான் சொன்னேன், அக்கா. "காலைல போட்டுடறேன்பா. கொஞ்சம் தூங்கிக்கறேன்."

அன்று இரவு வீடு எவ்வளவு அமைதி. விடியும் முன் எழுந்து கார்டைப் போட்டேன். போன் அதை அடையாளம் கண்டுகொண்டு, ஒன்றுமே நடக்காதது போல ஆப்பைத் திருப்பிக் கொடுத்தது. அம்மா வந்து கேட்டாள், நல்லா தூங்கினீங்களா என்று. அப்பா ஏதோ தொட்டார். தண்ணி, தண்ணி என்றது போன். அவ்வளவுதான் அவரிடம் இருந்தது. என்னைக் காட்டிக்கொடுக்க அவர் எதையும் பதிவு செய்திருக்கவில்லை. யார்தான் அப்படி யோசித்துப் பதிவு செய்வார்கள்?

முயற்சி செய்தார். அதையும் சொல்லிவிடுகிறேன். அந்த முதல் இரவுக்குப் பிறகு பல இரவுகள் கார்டை எடுத்திருந்தேன். ஒரு நாள் சாயங்காலம் அம்மா பக்கத்தில் இருக்கும்போது ஒவ்வொரு கட்டமாகத் தேடித் தேடித் தொட்டார். ராத்திரி. பையன். போன். எடு. எடு. எடு.

அம்மா என்னைப் பார்த்தாள். "ராத்திரி தூங்காம போனை எடுத்து வச்சிக்கிட்டு உக்காந்திருக்கியாடா? பாரு, பேச்சு போனாலும் மனுஷன் கண்டிக்கிறத விடல."

அப்பா இரண்டு தடவை கண்ணை மூடினார். மறுபடி இரண்டு தடவை.

"சரிங்க, திட்டல. உங்க செல்லத்த ஒண்ணும் சொல்லல" என்றாள் அம்மா.

நானும் சிரித்தேன். அப்பா என்னையே பார்த்தார். பிறகு மேலே பார்த்தார். அதற்குப் பிறகு அதை அவர் சொல்லவே இல்லை. கார்டை எடுக்கும்போதும் என் பக்கம் திரும்பவில்லை. பழகிவிட்டார் என்று நினைத்தேன்.

அந்த இரவைப் பற்றி எல்லோரிடமும் ஒரே மாதிரிதான் சொன்னேன். தூங்கிக்கொண்டிருந்தேன், காலையில் எழுந்து போனால் இப்படி. நான் வாயைத் திறப்பதற்குள் அம்மாவே எல்லோருக்கும் சொல்லிவிடுவாள். "அவன் தூங்கினா இடி விழுந்தாலும் தெரியாது. புள்ள என்ன செய்வான்?" உண்மையில் நடந்தது இது. விடியும் முன் கார்டைப் போடப் போனேன். அப்பாவின் கண் திறந்திருந்தது. கட்டை விரல் திரையில் அந்தச் சாம்பல் நிழலின் மேல் இருந்தது. விரலை நகர்த்தி வைத்தேன். முதலில் கார்டைப் போட்டேன். ஆப் வரும்வரை காத்திருந்தேன். மெதுவான கார்டு, நேரமானது. வந்த பிறகுதான் அம்மாவுக்குப் போன் செய்தேன்.

நீ வந்துவிட்டுப் போன பிறகு அம்மா அந்தக் காலிக் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். தண்ணி என்று அமுக்குவாள். குரல் வந்ததும் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைப்பாள். சாப்பிட்டியா என்று அமுக்கி, சாப்பிட்டேங்க என்பாள். சாப்பிட்டிருக்க மாட்டாள். நேற்று அவளாகவே சிவப்பை அமுக்கினாள். மூச்சு முட்டுது, எந்திரிங்க. மாடி வீட்டுக்காரர்கூட இறங்கி ஓடிவந்துவிட்டார். அம்மா மட்டும் அமைதியாக இருந்தாள். வெகுநாளுக்குப் பிறகு அவள் முகத்தில் ஒரு தெளிவு.

"எவ்வளவு சத்தம் பாத்தியா? இத அமுக்கியிருந்தா நீ எந்திரிக்காமயா இருந்திருப்பே? அவர் அமுக்கவே இல்லடா. தூக்கத்துலயே போயிட்டாரு. கஷ்டப்படல."

ஆமாம்மா என்றேன்.

அவள் அதைப் பிடித்துக்கொண்டுதான் உயிரோடு இருக்கிறாள், அக்கா. இப்போது மாமா வந்து எல்லாக் குரலையும் எடுத்து எல்லோர் போனிலும் போடப் போகிறாராம். பயணிகளின் கனிவான கவனத்திற்கு என்பதை அத்தைக்கு ரிங்டோனா வச்சிடலாம் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார். சந்தையில், பஸ்ஸில், சாப்பிடும்போது, அம்மாவை யார் போனில் கூப்பிட்டாலும் அப்பா கூப்பிடுவார். நான் இந்த வீட்டில்தான் இருக்க வேண்டும். எனக்கு வேறு போக்கிடம் இல்லை.

கார்டை எடுத்து உடைத்துவிடலாமா என்று யோசித்தேன். உடைந்த கார்டைப் பார்த்தால் கேள்வி வரும். போனிலேயே ஒரு வழி இருக்கிறது. செட்டிங்கில், அந்தக் கார்டின் பெயருக்குக் கீழே, மறந்துவிடு என்று ஒன்று. அமுக்கினால் போன் தன்னிடம் இருக்கிற சாவியைத் தூக்கி எறிந்துவிடும். கார்டு அப்படியே முழுசாக இருக்கும். குரலெல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். யாராலும் திறக்க முடியாது. இதில் உள்ளவை நிரந்தரமாகப் போய்விடும், மறந்துவிடவா என்று போன் ஒரு தடவை கேட்டது.

இதைத் தட்ட ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே அமுக்கிவிட்டேன். மாமாவிடம் மலிவான கார்டு, பழுதாகிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். அது பொய்யும் இல்லை. அம்மா இனி அந்தக் கட்டில் பக்கத்திலிருந்து எழுந்து சாப்பிடுவாள். யோசித்துப் பார், அவளுக்காகத்தான்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அப்பா வலது கை நடுவிரலில் போட்டிருந்த மோதிரம் உனக்கு ஞாபகம் இருக்கும். விரல் இளைத்துப்போனதால் கழன்று விழாமல் அம்மா அதில் நூல் சுற்றியிருந்தாள். கட்டிலின் பக்கக் கம்பி இரும்பு. அன்று இரவு மோதிரம் கம்பியில் படுகிற சத்தம் கேட்டது. டக். டக் டக். நான் தூங்கவில்லை. என்ன சத்தம் என்று எனக்குத் தெரியும். எதற்கு என்றும் தெரியும், ஏனென்றால் அதற்கு முன்னால் அவர் ஒருநாளும் கம்பியைத் தட்டியதில்லை. மிஷின் எங்கே இருக்கிறது, எந்தப் பொத்தானை அமுக்க வேண்டும், எல்லாம் தெரியும். எழுந்திருக்கத்தான் வேண்டும். எழுந்தால் நாளைக்கும் எழ வேண்டும், மறுநாளும். காதில் இயர்போனை வைத்துக்கொண்டேன். பாட்டு எதுவும் போடவில்லை. சத்தம் நின்றுவிட்டதா என்று நடுவில் ஒரு தடவை கழற்றிப் பார்த்தேன். நிற்கவில்லை. மறுபடி வைத்துக்கொண்டேன். அதற்கடுத்த தடவை கழற்றியபோது நின்றிருந்தது. பிறகு நன்றாகத் தூங்கினேன்.

ஆனால் நான் கேட்காமல் எதையும் எடுத்தவன் இல்லை, அக்கா. அன்றும் ஊக்கைக் கையில் வைத்துக்கொண்டு, "எடுத்துக்கட்டுமாப்பா?" என்று கேட்டேன். அப்பா கண்ணை மூடினார். ஒரு தடவை மூடினால் சரி என்றுதானே அர்த்தம். இரண்டாவது தடவையும் மூடினாரா என்று எனக்குத் தெரியாது. அதற்குள் நான் விளக்கை அணைத்துவிட்டேன்.