அன்னப்பழம் சொன்ன ஆமென்

முன்னே ஒரு காலத்தில், நம்ம பக்கத்துக்கு மண்ரோடு கூட வராத நாளில், தேரிக்காட்டு ஓரமாக கிருபைவிளை என்று முப்பது வீட்டு ஊர் ஒன்று இருந்ததாம். திரும்பின பக்கமெல்லாம் சிவப்பு மணல், மணல் முழுக்கப் பனை. ஆம்பிளைகள் பனையில், பொம்பிளைகள் அடுப்பில், ஆண்டவர் மேலே. அப்படித்தான் ஊர் நடந்ததாம்.

அந்த ஊரில் அன்னப்பழம் என்று ஒருத்தி. அவள் புருஷன் வேதக்கண், பனையேறி. வேதக்கண்ணுக்குக் கூடப்பிறந்தது ஒரே அண்ணன், சுவிசேஷமுத்து. அண்ணன் பெண்டாட்டி பேர் தொர்க்காள். அப்பன் விட்டுப்போன ஒரே கூரைதான். நடுவில் ஓலைத்தட்டி கட்டி, இந்தப் பக்கம் தம்பி, அந்தப் பக்கம் அண்ணன். இங்கே ஒருத்தர் தும்மினால் அங்கேயிருந்து "நூறு" என்பார்களாம். அவ்வளவு பக்கம்.

அன்னப்பழத்துக்கு நாள் எப்படிப் போகும் தெரியுமா? வேதக்கண் இறக்கிக் கொடுக்கிற பதநீரைக் குடம் குடமாக விடிலிக்குச் சுமப்பாளாம். விடிலி என்றால் கருப்பட்டி காய்ச்சுகிற ஓலைக் குடிசை. அங்கே போய் வடித்தாள், காய்ச்சினாள், கிண்டினாள், சிரட்டையில் ஊற்றினாள். அதற்குள் பொழுது சாய்ந்துவிடும். வீட்டுக்கு வந்தால் ஐந்து பிள்ளை, மூணு ஆடு, ஊற்றுத் தண்ணீர், ராத்திரிக் கஞ்சி. மறுபடியும் வடித்தாள், காய்ச்சினாள், கிண்டினாள், ஊற்றினாள். அப்பாடா என்று உட்காரப் போனால் விளக்கு வைத்தாச்சு, ஜெபத்துக்கு நேரமாச்சு.

குடும்ப ஜெபம் என்றால் அந்தக் காலத்தில் சட்டம் பலமாம். வீட்டுத்தலைவன் ஜெபம் பண்ணுவான். பொம்பிளை வாய் திறக்கக் கூடாது. தலைவன் ஆமென் சொல்லும் வரைக்கும் ஒருத்தரும் எழுந்திருக்கக் கூடாது, ஒரு வாய் சாப்பிடக் கூடாது.

அன்னப்பழத்துக்கு ஆண்டவர் ஒரு வரம் கொடுத்திருந்தாராம். முழங்காலில் நின்றபடியே தூங்குவாள். வேதக்கண்ணின் ஜெபத்துக்கு ஒரு தடம் உண்டு. முதலில் ஸ்தோத்திரம், அப்புறம் ராஜாக்கள், அப்புறம் மழை, அப்புறம் நோயாளிகள், அப்புறம் ஆமென். ராஜாக்கள் வந்ததும் கண்ணை மூடுவாள், ஆமென் வந்ததும் முழிப்பாள். அவளுக்கு இருந்த ஓய்வே அவ்வளவுதான். ஆண்டவர் அதைக் குற்றமாகப் பிடித்திருக்க மாட்டார், நான் நம்புகிறேன்.

இப்படி இருக்கையில் அண்ணனுக்கும் தம்பிக்கும் சண்டை வந்ததாம். எதுக்கு? சொத்துக்கா, நிலத்துக்கா? இல்லை. கோயிலில் ஒரு தூணுக்கு.

அப்போதெல்லாம் கோயிலில் பெஞ்சு கிடையாது, தரையில் பாய்தான். ஆம்பிளைகள் பக்கம் சாய்வதற்குத் தோதாக ஒரே ஒரு தூண். வாரம் முழுக்கப் பனையேறின முதுகு, ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் அந்தத் தூணைத் தேடும். அது வேதக்கண் சாய்கிற இடம். ஊருக்கே கோயிலில் சோறு போடுகிற அசனப்பண்டிகை அன்றைக்கு சுவிசேஷமுத்து முந்திப் போய் அங்கே பாயை விரித்துவிட்டானாம்.

"அண்ணே, இது நான் இருக்குற இடம்லா?"

"ஏன், மூத்தவன் சாயக்கூடாதோ?"

"மூத்தவனுக்கு முதுகு ரெண்டா இருக்கு?"

அவ்வளவுதான். அன்றோடு பேச்சு நின்றுபோச்சு. ஆனால் ஒரே கூரையில் இருந்துகொண்டு எத்தனை நாள் பேசாமல் இருக்க முடியும்? சண்டையை ஜெபத்துக்குள் கொண்டு வந்துவிட்டார்களாம்.

இந்தப் பக்கம் வேதக்கண் தட்டியைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டு, "ஆண்டவரே! எங்களுக்கு ரொம்பப் பக்கத்தில ஒரு சகோதரன் இருக்கான். பேரு சொல்ல விரும்பல. அடுத்தவன் இடத்துக்கு ஆசைப்படுத அவன் மனசை நீர் தொடும்" என்பானாம்.

அந்தப் பக்கம் சுவிசேஷமுத்து, "ஆண்டவரே! பேரு சொல்லாம கோள் சொல்லுத வாயை நீர் அறிவீர். அந்த வாய்க்கு ஒரு காவல் வையும்" என்பானாம்.

இவன் ஒன்று சொன்னால் அவன் ஒன்று. முதலில் ஆமென் சொன்னவன் தோற்றவன். அதனால் இரண்டு பேரும் ஆமென் சொல்ல மாட்டார்கள். ராஜாக்கள் முடிந்து, அவர்கள் மந்திரிகள் முடிந்து, கப்பலில் போகிறவர்கள், சிறையில் இருக்கிறவர்கள் என்று ஜெபம் உலகத்தைச் சுற்றும். கஞ்சி ஆறிப்போகும். பிள்ளைகள் மடங்கி விழுந்து தூங்கிவிடும். ஜெபம் முடிந்த பிறகு அதுகளை எழுப்பி, அழவைத்து, ஊட்டிவிட்டுப் படுக்கவைக்க வேண்டியது யார்? அன்னப்பழமும் தொர்க்காளும்தான்.

அவர்கள் இரண்டு பேருக்கும் சண்டை இல்லையாம். சண்டை போடத் தெம்பு வேண்டாமா? ஊற்றங்கரையில் குடத்தை இறக்கி வைத்துவிட்டுப் பேசிக்கொள்வார்களாம்.

"எக்கா, நேத்து உங்க வீட்டு ஜெபம் எப்ப முடிஞ்சுது?"

"முடிஞ்சுதா? கூழு தோல் கட்டிப்போச்சு ஏளா. உங்க வீட்டுல?"

"எங்க வீட்டுல இவிய ஜெபத்துலயே வேதத்துல உள்ள வனாந்தரத்துக்குப் போயிட்டாவ. இன்னும் திரும்பல."

"நாப்பது வருசமாகும்லா?"

"இவிய அதுக்கும் மெதுவா நடப்பாவ, எக்கா."

சிரித்துக்கொண்டே குடத்தைத் தூக்கிக்கொண்டு போவார்களாம்.

இந்த நேரத்தில்தான் தொர்க்காள் மகள் ஆபரணத்துக்கு ஒரு சம்பந்தம் வந்தது. தெற்கே இருந்து நல்ல இடம். சனிக்கிழமை சாயங்காலம் ஏழு பேர் பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளையின் அத்தை ஒருத்தி, குறை கண்டுபிடிப்பதற்கென்றே கூட்டிக்கொண்டு போகிற ஆள். இந்த இடம் தட்டிப்போனால் அடுத்த இடம் எப்போது வருமோ என்று தொர்க்காளுக்குப் பயமாம்.

அவள் பயத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. போன பங்குனியில் சுவிசேஷமுத்து ஒன்பது நாள் காய்ச்சலில் கிடந்தான். பாளையைத் தினமும் சீவ வேண்டும். விட்டால் பதநீர் ஊறுவது நின்றுபோகும், வருஷத்துக் கஞ்சி போய்விடும். யாரையும் கேட்கவில்லை, ஆபரணம் அப்பனுடைய அரிவாளை இடுப்பில் சொருகிக்கொண்டு, விடியுமுன்னே தானே பனையேறினாளாம். ஒன்பது நாளும் ஏறினாள். வயசுப் பெண் பனையேறினாள் என்று வெளியே தெரிந்தால் அந்தக் காலத்தில் கல்யாணம் கிடையாது. பார்த்தது சித்தப்பன் வேதக்கண் ஒருத்தன்தான், பக்கத்து மரத்து உச்சியிலிருந்து. அப்போது சண்டை இல்லையே. வீட்டுக்கு வந்து, "அந்தப் பிள்ளைக்குப் பயமே கிடையாதுட்டி" என்று அன்னப்பழத்திடம் பெருமையாகச் சொல்லி, யாரிடமும் மூச்சு விடாதே என்றானாம்.

சனிக்கிழமை தொர்க்காள் தட்டியோரம் வந்து நின்றாள். "ஏளா, நீ வந்து பொங்கிக்கொடு. எனக்கு உப்பு எது சீனி எதுன்னு தெரியல" என்றாளாம். அன்னப்பழம் தன் விடிலி வேலையை முடித்துவிட்டுப் போய், பதினைந்து பேருக்குச் சோறும் குழம்பும் வைத்தாள். அங்கேயும் வடித்தாள், காய்ச்சினாள், கிண்டினாள், ஊற்றினாள். விளக்கு வைக்கிற நேரம் தன் பக்கம் வந்து முழங்காலில் நின்றாள். ராஜாக்கள் வருவதற்கு முன்னமே தூங்கிப்போனாளாம்.

அந்தப் பக்கம் விருந்தாளிகள் ஏழு பேரும் முழங்காலில். சம்பந்தக்காரர் முன்னால் பெரிய பக்திமானாகத் தெரிய வேண்டும் என்று சுவிசேஷமுத்து நீட்டினான். நீட்டினவன் சும்மா இருந்தானா? "ஆண்டவரே, இப்படிப்பட்ட நல்ல நாள்லயும் மூத்தவனை மதிக்காம தட்டிக்குப் பின்னால உக்காந்திருக்க கல்நெஞ்சங்களை மன்னியும்" என்று ஒரு குத்து குத்தினான்.

வேதக்கண்ணுக்குத் தலைக்கு ஏறிவிட்டது. குரலை உயர்த்தினானாம்.

"ஆண்டவரே! வந்திருக்க அந்த நல்ல ஜனங்க ஏமாந்து போவாதபடிக்குக் காரும்! மறைச்சு வச்சிருக்கதை வெளிச்சத்துக்குக் கொண்டுவாரும்! போன பங்குனி மாசம், அந்த வீட்டுக்காரன் காய்ச்சல்ல கிடக்கும்போது, அவன் மக..."

அன்னப்பழத்துக்கு அந்த ஜெபத்தின் தடம் தூக்கத்திலும் தெரியும். ராஜாக்கள் உண்டு, மழை உண்டு, நோயாளிகள் உண்டு. பங்குனி கிடையாது. அந்தச் சொல் அவளை உலுக்கிவிட்டதாம். கண்ணைத் திறந்தாள். தட்டிக்கு அந்தப் பக்கம் தொர்க்காளின் மூச்சு நின்றது அவளுக்குக் கேட்டதாம். யோசிக்க நேரமில்லை.

"ஆமென்!"

தேரிக்காட்டில் ஆட்டைக் கூப்பிட்டுப் பழகின தொண்டை. கூரை ஓலை அசைந்தது என்று சொல்வார்கள், நான் பார்க்கவில்லை. தூக்கத்தில் இருந்த ஐந்து பிள்ளைகளும் "ஆமென்" என்றன. தட்டிக்கு அந்தப் பக்கம், எப்போதடா முடியும் என்று இருந்த ஏழு விருந்தாளிகளும் ஒரே குரலில் "ஆமென்!" என்று எழுந்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் மாமன் முழங்காலைத் தடவிக்கொண்டே இலைக்கு முன்னால் உட்கார்ந்தாராம். இங்கே ஒருத்தன் திறந்த வாயோடு, அங்கே ஒருத்தன் திறந்த வாயோடு. ஆமென் போட்டாச்சு. அதற்குப் பிறகு யார் என்ன சொல்ல முடியும்?

குறை கண்டுபிடிக்கிற அத்தை, "ஜெபம் நல்லாத்தான் இருந்துது, ரெண்டு வீட்டுதும் கேட்டுது" என்றாளாம். குழம்பை ஊற்றிப் பிசைந்து ஒரு வாய் போட்டாள். அப்புறம் குறை ஒன்றும் சொல்லவில்லை. சம்பந்தம் முடிவாச்சு.

இந்தப் பக்கம் வேதக்கண் குதிக்கிறான்.

"ஏட்டி, நான் ஜெபம் பண்ணிக்கிட்டு இருக்கேன், நீ எப்படி ஆமென் சொல்லலாம்?"

"தூக்கத்துல வந்துட்டு, நான் என்ன செய்ய?" என்றாளாம் அன்னப்பழம்.

மறுநாள் கோயில் முடிந்ததும் வேதக்கண் உபதேசியாரிடம் போய், 'போன பங்குனி' என்று சொல்லும்போதே ஆமென் போட்டு நிறுத்திவிட்டாள் என்று புகார் சொன்னானாம். உபதேசியார் பேர் பாக்கியநாதர். வீடு வீடாகப் போய் ஜெபத்தில் உட்கார்ந்து ஆறின கஞ்சி குடித்துக் குடித்து வயிறு கெட்ட மனுஷன்.

"ஏம்மா, ஆம்பிளை ஜெபம் பண்ணும்போது பாதியில சொன்னியா?"

"சொன்னேன் ஐயா."

"ஏன்?"

"எனக்கு வேற ஜெபம் தெரியாதுய்யா. தெரிஞ்சது அந்த ஒண்ணுதான். அதைச் சொன்னேன்."

உபதேசியார் வயிற்றைத் தடவிக்கொண்டாராம். அப்புறம் வேதக்கண் பக்கம் திரும்பினார்.

"சரிப்பா. உன் ஜெபம் பாதியில நின்னுபோச்சு. பாவம்தான். விட்ட இடத்திலேருந்து இப்ப பண்ணு. நானும் முழங்கால் போடுதேன். போன பங்குனியில என்ன?"

வேதக்கண் நின்றான். அண்ணன் அந்தப் பக்கம் நிற்கிறான், அண்ணன் மகள் கோயில் வாசலில் நிற்கிறாள். அவனைச் சின்ன வயசில் தோளில் தூக்கிக்கொண்டு பதநீர் கொடுத்த அண்ணன்தானே.

"ஒண்ணுமில்ல ஐயா" என்றானாம்.

"ஒண்ணுமில்லன்னா அதுக்கு ஆமென் சரியாத்தான் இருக்கு" என்றார் உபதேசியார். "இனிமே இந்த ஊர்ல யார் ஜெபம் பண்ணினாலும் சரி, அன்னைக்குப் பொங்கினவதான் ஆமென் சொல்லணும். சோறு ஆறுதது அவளுக்குத்தான் தெரியும்."

அதற்குப் பிறகு ஜெபத்தில் சண்டை போட வழியில்லாமல் போச்சு. ஒரு வாரம் பொறுத்தார்களாம். அப்புறம் அண்ணனும் தம்பியும் நேருக்கு நேர் நின்று, ஊரே கேட்கும்படி ஒரு முழுப் பகல் சண்டை போட்டு, சாயங்காலம் ஒன்றாகக் கஞ்சி குடித்தார்கள். மனுஷனிடம் சொல்ல வேண்டியதை மேலே சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தால் அது எப்படித் தீரும்? என் பிள்ளைகளிடம் இதைச் சொல்லியிருக்கிறேன். கேட்டார்களோ, கேட்கவில்லையோ.

ஆபரணம் கல்யாணமாகி, இரண்டு பிள்ளை பெற்ற பிறகு, பனையேறின கதையைத் தன் மாமியாரிடம் தானே சொன்னாளாம். மாமியார் கேட்டுவிட்டு, "இதை அப்பவே சொல்லியிருந்தா எங்க மரத்துக்கு ஆளு தேடியிருக்க மாட்டேனே" என்றாளாம்.

இப்போது கடைசியைக் கேளுங்கள். அன்னப்பழம் கிழவியாகும் வரைக்கும் இருக்கவில்லை. ஒரு பங்குனியில், பதநீர் இறங்குகிற நாளில், விடிலியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. தூங்குகிறாள் என்றுதான் நினைத்தார்களாம். பாவம், தூங்கட்டும் என்று கொஞ்ச நேரம் விட்டுக்கூட வைத்தார்களாம்.

கல்லறைத் தோட்டத்தில் பெட்டியை இறக்கினார்கள். உபதேசியார் ஜெபம் பண்ணி முடித்தார். முடித்துவிட்டுக் காத்திருக்கிறார். ஆமென் வரவில்லை. பொங்கினவள் அல்லவா சொல்ல வேண்டும்? துட்டி வீட்டில், அதுதான் சாவு வீட்டில், ஏது அடுப்பு? ஊரிலும் ஒருத்தரும் அன்றைக்கு உலை வைக்கவில்லை. உச்சி வெயில். மணல் சுடுகிறது. வேதக்கண் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தான். சுவிசேஷமுத்து ஒரு கண்ணைத் திறந்து பார்த்தான். இரண்டு பேரும் மறுபடியும் மூடிக்கொண்டார்கள். உபதேசியார் இருமிவிட்டு, மழைக்காக இன்னும் கொஞ்சம் ஜெபம் பண்ணினார். அப்போதும் வரவில்லை. சட்டம் அவர் போட்ட சட்டம். மீற மனசு வரவில்லை.

அப்போது தேரி ஏறி ஒரு பொம்பிளை வருகிறாள். தொர்க்காள். துட்டி வீட்டுப் பிள்ளைகள் காலையிலிருந்து பட்டினி என்று, அவள் மட்டும் பின்தங்கி, யார் வீட்டு முற்றத்திலோ மூணு கல் கூட்டிக் கஞ்சி வைத்திருக்கிறாள். பானை இடுப்பில். கண்ணெல்லாம் புகை.

"இன்னுமா முடிக்கல? எல்லாரும் இப்படி வெயில்ல நிக்கியளே" என்றவள், அவர்கள் நிற்கிற நிலையைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துபோச்சு. பானையை மணலில் இறக்கி வைத்தாள். கையைச் சேலையில் துடைத்தாள். குழி ஓரமாக வந்து நின்றாள்.

"படுத்துக்கோ ஏளா" என்றாளாம். அப்புறம் மெதுவாக, "ஆமென்."

ஊரே ஆமென் என்றது. பிறகுதான் மண் விழுந்தது.

அன்றிலிருந்து கிருபைவிளையில் அதுதான் வழக்கம். வீட்டு ஜெபமோ, கல்யாணமோ, பொங்கினவள்தான் ஆமென் சொல்லுவாள். துட்டி வீடு என்றால் ஓரகத்தி கஞ்சி வைப்பாள். அவள் வந்து சேரும் வரைக்கும் ஒரு பிடி மண் போட மாட்டார்கள். வெளியூரிலிருந்து வருகிற பாதிரி ஐயர்மார் தெரியாமல் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். ஓடிவந்த வேகத்தில் அவளும் சட்டென்று சொல்லிவிடக் கூடாது. சுமந்து வந்ததைக் கீழே வைத்து, கையைத் துடைத்து, ஒரு மூச்சு விட்ட பிறகுதான் சொல்ல வேண்டும்.