மூணு மாடி எந்தப் பக்கம்

அடுப்ப அணைமே. சோறு அப்பறம் வடிச்சுக்கலாம். புள்ளையத் தூக்கிக்கினு தெரு முனைக்குப் போ. நானும் சொல்லிக்கினே கீறேன், நீயும் நின்னுகினே கீறே.

இன்னாத்துக்கா? மேல பாரு பாஞ்சாலி. ஒன் ஓட்டு வூட்ட ஒட்டி நிக்குதே மூணு மாடி செவுரு, அது சாயுது.

ஆமா, நான் கட்டினதுதான். அதான் நானே வந்து சொல்றேன். இந்த மெஹபூப் பாஷா நாப்பது வருசமா கரண்டி புடிக்கறவன். சாயுதுன்னா சாயுது.

சிரிக்காத. முந்தாநேத்து மழைக்கு விரிசல் வுட்டுது. குறுக்கால சுண்ணாம்பு வில்லை அப்பி வெச்சேன். செவுரு நவுந்தா வில்லை ஒடையும், நவுராட்டி அப்டியே கெடக்கும். காலீல வந்து பாக்கறேன், ரெண்டாப் பொளந்து கீது. மேலேருந்து குண்டு நூலு வுட்டேன். ரெண்டு விரக்கடை ஒன் பக்கம் வந்துட்டுது. ஆளுங்கள எல்லாம் எறக்கி அனுப்சிட்டேன்.

முனியம்மா வூட்லயும் சொல்லிட்டேன். ஒத்த வார்த்தை கேக்காம கெளம்பிட்டா. நீதான் நாயம் பேசறே.

இந்த மாடி கட்டற மொதலாளி சுப்புராயன் அனுப்ச்சாரா? அவரு ரங்கூன் போயி எட்டு மாசம் ஆவுது. ஒன்னக் காலி பண்ண வெக்க நான் இன்னாத்துக்கு வேசம் போடணும்? எனக்கா இந்த எடம் வரப்போவுது?

தெரியும், தெரியும். பூசை போட்ட அன்னிக்கு ஒங்க வரிசை மொத்தத்தையும் கூப்ட்டு வாக்கு குடுத்தாரு. ஒங்க பக்கம் ஒத்த மாடி, ரோட்டுப் பக்கம்தான் மூணு மாடி, ஒங்க முத்தத்து வெயிலு ஒங்களுதுதான்னாரு. நானும் அங்கதான் நின்னேன். இப்ப வெயிலு இல்ல. துணி காயல. சாரத்துல ஏறினா நீ குளிக்கற எடம் தெரியுது. பணக்காரன் புத்தின்னு தெனம் அந்த மனுசனுக்கு மண்ண வாரித் தூத்தறே. கேட்டுக்கினுதான் இருந்தேன்.

வுடு அத. மண்ணு இன்னா மண்ணு, தெரியுமில்ல? மாம்பலம் ஏரியத் தூத்த மண்ணு. மழை பேஞ்சா களி. கடக்கால் தோண்டறப்ப இஞ்சினீரு கூடவே நின்னாரு. ரோட்டுப் பக்கம் ஆளு ஆழம். இந்தப் பக்கம் இடுப்பளவு. ஒத்த மாடிக்கு அது போதும். கடக்கால் முடிஞ்சுது, அவருக்கு பெஜவாடாவுக்கு மாத்தலாயிட்டுது. மேல் கட்டடத்துக்குப் படம் போட்ட காயிதத்த என் கைல குடுத்துட்டு ரயில் ஏறிட்டாரு.

தோ, கேட்டியா? ஓட்டு மேல காரை உதுருது. பானைய வுடுமே! பானை வேற வாங்கிக்கலாம்!

மாட்டியா? சுப்புராயன் தந்தரம்தான்னு இங்கியே குந்திக்கப் போறியா?

சரி. அந்த மனுசன் வாக்கு மீறல. போதுமா?

நேத்து அந்தக் காயிதம் நனைஞ்சு போச்சு. காய வெக்கலாம்னு முழுசாப் பிரிச்சேன். ஆறு மாசமா ஒரு மூலைய மடிச்சே வெச்சிருந்தேன். அதுல ராசா மொகம் போட்ட ஸ்டாம்பு ஒட்டி கீது. நான் எப்பவும் புடிக்கற மாதிரிதான் புடிச்சேன். ராசா தலகீழா நிக்கறாரு.

இங்கிலீசு எனக்கு நேரா புடிச்சாலும் ஒண்ணுதான், தலகீழா புடிச்சாலும் ஒண்ணுதான். யாரையாச்சும் கேட்டிருக்கலாம். மேஸ்திரி போயி எந்தப் பக்கம் மேல்பக்கம்னு கேக்கறதா? கேக்கல. படத்துல அப்டித்தான் கீதுன்னு நம்பி, ரோட்டுப் பக்கம் நிக்க வேண்டிய மூணு மாடிய இடுப்பளவு கடக்கால் மேல, ஒன் தலைக்கு நேரா ஏத்தினது நான்தான்.

அழாத. தூளிய அவுத்து வுடு. புள்ளைய என்கிட்ட குடு, நீ முன்னால ஓடு.